மணிக்கட்டு

வாகடூகுவில் அன்று செம்புழுதிக் காற்று.
மருத்துவமனை வாசலில் நின்ற பேருந்து
என்ன நிறமென்று எவருக்கும் தெரியவில்லை.
இருபத்தாறு பையன்கள் இறங்கினார்கள்
செருப்பைத் தட்டித் தட்டி.

பதினேழு வயதுக்கு உட்பட்டோர் கோப்பை,
அடுத்த மாதம், அபிஜானில்.
கால்களைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தாயிற்று,
இனி கையைப் பார்க்க வேண்டும்.
அது என் வேலை.

குப்புறப் படு.
இடக்கையைத் தலைக்கு மேல் நீட்டு,
இருட்டில் தண்ணீர்ப் புட்டியைத் துழாவுகிறவன் போல.
அசையாதே.
தடதடவென்று சத்தம் வரும்,
உன்னைத் திட்டுவதாக நினைத்துக்கொள்ளாதே.

ஒருவன் இடுப்புத் தாயத்தைக் கழற்ற மறுத்தான்.
தோலுக்குள் இரும்பில்லையென்று
தைத்தவரே சத்தியம் செய்தாராம்.
ஒருவன் உள்ளேயே தூங்கிப்போனான்.
"மேடம், கோல் போடுவேனா என்று இதில் தெரியுமா?"
என்றான் ஒருவன், உதடு காய்ந்து.

மணி கட்டுகிற இடம்;
அதனால்தானோ என்னவோ
வயதை இங்கே தேடச் சொல்லியிருக்கிறார்கள்.
ஆரை எலும்பின் நுனியில் ஒரு கருங்கோடு,
சாத்தாத கதவின் சந்தில் தெரியும் இருட்டு.
வளர்ந்து முடித்தவனுக்கு அது இல்லை.
நூற்றில் ஒருவனுக்கு முன்னதாகவே மூடிவிடலாமென்று
படிவத்தின் அடிக்குறிப்பில், பொடி எழுத்தில்.
அடிக்குறிப்புக்கு ஜெர்சி கிடையாது.

பதினான்காவதும் பதினைந்தாவதும்
லசானே, உசேனி.
கயாவில் தக்காளி விற்பவளின் இரட்டையர்.
முகம் வேறு, நடை ஒன்று.
லசானே முதலில் வந்தானாம்.
கால் மணி நேரம் கழித்து உசேனி,
அதற்குள் மருத்துவச்சி கையைக் கழுவிவிட்டாளாம்.
சொல்லிச் சிரித்தார்கள்
ஒரே கதையை ஆளுக்குப் பாதியாக.

லசானேயின் கோடு திறந்திருந்தது.
உசேனிக்குக் கோடே இல்லை.

படத்தை மாற்றிவிட்டேனோ என்று
பெயரைப் பார்த்தேன். திரும்பவும் பார்த்தேன்.
மறுபடி படுக்கச் சொன்னேன்.
எதற்கென்று கேட்காமல் படுத்தான்.
அவனுக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

பயிற்சியாளர் இல்புடோ தாளை வாசித்தார்,
பிறகு தாளின் பின்பக்கத்தை.
அங்கே ஒன்றுமில்லை.
"அண்ணனுக்கு வயது குறைவு, தம்பிக்குக் கூடுதல்"
என்றுவிட்டு
யாராவது சிரிப்பார்களா என்று பார்த்தார்.
"ஒரே வயிறு, மேடம்."
"வயிற்றைப் படமெடுக்கச் சொல்லவில்லை, ஐயா" என்றேன்.
சொல்லியிருக்க வேண்டாம்.

கிளம்பும்போது உசேனி படத்தைக் கேட்டான்.
கொடுக்கக் கூடாது. கொடுத்தேன்.
புழுதிக்குள் மங்கிய சூரியனுக்கு நேரே
தூக்கிப் பிடித்தான்.
"மாமரத்திலிருந்து விழுந்த கை இது.
அது இதில் இருக்கிறதா?"
இல்லை என்றேன்.
"அப்போது எனக்கு ஒன்பது வயது"
என்றான், என்னிடம் அல்ல,
படத்திடம்.
பேருந்தில் லசானே அவனுக்காக
ஜன்னலோர இடத்தை விட்டுவைத்திருந்தான்.

அங்கோலாவோடு முதல் ஆட்டம்.
காண்டீன் தொலைக்காட்சியில்,
வேர்க்கடலைக் குழம்பு தட்டில் ஆறிக்கொண்டிருக்க.
லசானேயின் இடது மணிக்கட்டில் வெள்ளை டேப்,
அதில் பேனாவால் ஏதோ எழுத்து.
கேமரா கிட்டே போகவில்லை.

அறுபதாவது நிமிடம் போல
நடு மைதானத்தில் பந்து கிடைத்தது அவனுக்கு.
திரும்பிப் பார்க்கவில்லை.
குதிகாலால் இடப்பக்கம் தள்ளிவிட்டு
முன்னே ஓடினான்
திரும்பி வரும் பந்துக்காக.

அந்த இடத்தில் ஒருவருமில்லை.
பந்து தன்பாட்டுக்கு உருண்டு
எல்லைக்கோட்டைத் தாண்டியது.
கவனக்குறைவு என்றார் வர்ணனையாளர்.
சமையல்காரர் அதசா கரண்டியோடு எழுந்து நின்று
"யாருக்குப்பா கொடுக்கிறான்?" என்று கத்தினார்.
நான் குழம்பைப் பிசைந்தேன்.

ஒரு கோல் பின்னால்.
தொண்ணூறு ஆகிவிட்டது.
பதினொரு பையன்களும் ஒருவரைச் சுற்றி,
இன்னும் எவ்வளவு, இன்னும் எவ்வளவு என்று.
நடுவர் தன் மணிக்கட்டைப் பார்த்தார்.